ஏறும்போது ரெண்டாவது கியர் விலக்கு

சேலம் அஸ்தம்பட்டியில், ஒரே தெருவில், மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை நிச்சயம் இருந்தது. அது மற்ற இருவரில் ஒருவரிடம் இருப்பதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் தேடவில்லை.

ஒருவர் மாசிலாமணி. இன்னொருவர் அவருடைய தம்பி திருமேனி. மூன்றாமவர் எதிர்வீட்டுக் குழந்தைவேலு. எந்த வீட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாசிலாமணியைக் கல்யாணம் செய்துகொண்டவள் சுகந்தி. மற்ற இருவரும் அந்தக் கல்யாணத்தோடு சேர்ந்து வருவார்கள் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை.

சுகந்தி ஏற்காட்டில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தவள். வருஷத்துக்கொரு முறை பழைய மாணவிகள் எல்லாரும் மலைமேல் கூடுவார்கள். போன வருஷம் இவர்களுடைய பழைய வெள்ளைக் கார் பாதி மலையில் நின்றுபோனது. மாசிலாமணி பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பில் எப்போதும் சுகந்திக்கு அடுத்த ரேங்க் வாங்கிய பிரமீளா டேவிட், டிரைவர் ஓட்டுகிற காரில் கடந்துபோனாள். கண்ணாடியை இறக்கி, ரொம்பக் கனிவாகக் கையசைத்தாள். அந்தக் கனிவைத்தான் சுகந்தியால் மறக்க முடியவில்லை.

இந்த வருஷம் வரவேற்புரை சுகந்தியுடையது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் மேடையில் நிற்க வேண்டும். பஸ்ஸில் போவதென்று முடிவுசெய்து, அதை இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது சாதாரணமாகச் சொன்னாள். மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வீட்டுல காரை வச்சுக்கிட்டு பஸ்ஸுலயா?"

"காரை வச்சுக்கிட்டுத்தான் போன வருஷம் ரோட்டுல நின்னேன்."

"அதுக்கு மூச்சு பத்தல சுகந்தி. டர்போ வச்சுட்டோம்னா மூச்சு வந்துரும். மலை என்ன மலை, மாடியே ஏறும்."

டர்போ என்றால் வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு விசிறி சுற்றும். அந்தச் சுற்றலில் இன்னொரு விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பலம் கூடும். இதைத் தெரிந்தவர்கள் ஒர்க்ஷாப்பில் வைத்துச் செய்வார்கள். மாசிலாமணி கோயம்புத்தூரில் பழைய இரும்புக் கடையில் ஒன்றை வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

சுகந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நத்தை மாதிரி இருக்கு. இதை வச்சா வேகம் வருமா?"

"நத்தை அந்த ஓட்டைச் சுமக்கறதுனாலதான் அண்ணி மெதுவாப் போகுது," என்றான் திருமேனி. "நாம ஓட்டை மட்டும்தானே வைக்கிறோம்."

வேலையைச் சொல்லிக்கொடுக்க யூடியூபில் ஒரு ஆள் கிடைத்தான். "வணக்கம் நண்பர்களே, வேலைக்குள்ள போறதுக்கு முன்னாடி மறக்காம பெல் பட்டனை அழுத்திடுங்க" என்று ஆரம்பித்தான். குழந்தைவேலு எழுந்து போய் வாசலில் இருந்த காலிங் பெல்லை அழுத்தினார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள் சுகந்தி.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. அழுத்தச் சொன்னாங்க."

அந்த யூடியூப் ஆள் ஒவ்வொரு வீடியோவிலும் அதைச் சொல்கிறவன். அந்த வாரம் அந்த வீட்டில் பால் பொங்காத நாளே இல்லை.

அடுத்து, "முதல் வேலையா பேட்டரியைக் கழட்டிடுங்க, சேஃப்டி முக்கியம்" என்றான். மூவரும் வீட்டுக்குள் பரவினார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, டிவி ரிமோட்டில் இரண்டு, சுகந்தியின் டார்ச்சில் இரண்டு, கேஸ் அடுப்பு பற்றவைக்கிற இடத்தில் ஒன்று என்று எல்லாவற்றையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

"கார்ல இருக்கறதைக் கழட்டுனீங்களா?" என்று கேட்டாள் சுகந்தி.

மாசிலாமணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பெட்ரோல்ல ஓடற வண்டிம்மா."

திருமேனி எஞ்சினில் ஸ்பேனரை வைத்தான். ஒரு பொறி பறந்தது. அவனுடைய மீசையில் இடது பக்கம் மட்டும் போய்விட்டது. எங்கேயோ இன்னும் ஒரு பேட்டரி பாக்கியிருக்கிறது என்று அவர்கள் சமையலறையை மறுபடி தேடினார்கள்.

ஒருவழியாக, சைக்கிள் டியூபையும் கட்டுக்கம்பியையும் வைத்து நத்தையைப் பொருத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்ப் பிரச்சினை வந்தது. டர்போ கடுமையாகச் சூடாகும், அதற்குத் தனியாக நல்ல எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றான் வீடியோக்காரன்.

"சூட்டுக்கு விளக்கெண்ணெயை மிஞ்சி ஒண்ணும் கிடையாது," என்றார் குழந்தைவேலு.

"விளக்கெண்ணெய் வயித்தைக் கலக்கும்," என்றான் திருமேனி. "மலைமேல போறப்ப அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க நிறுத்தறது?"

"வீடியோவுல 'நல்ல' எண்ணெய்னுதான் தெளிவா சொல்றாரு," என்றார் மாசிலாமணி. "நல்லெண்ணெயே வைப்போம். ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆம்பளைக்கு எண்ணெய் வைக்கிறது புதனும் சனியும்தானே?"

மூவரும் காரைச் சுற்றி வந்து நின்று யோசித்தார்கள்.

"வண்டி ஆணா பொண்ணா, அதைச் சொல்லு முதல்ல," என்றார் குழந்தைவேலு.

"ஆர்சி புக்குல அண்ணி பேருதான் இருக்கு."

"அப்பப் பொண்ணு. வெள்ளிக்கிழமை வைக்கலாம்."

இட்லிப் பொடிக்கென்று சுகந்தி செக்கில் ஆட்டி வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய் மொத்தமும் நத்தைக்குள் போனது. எண்ணெய் வைத்த அன்றைக்கு வெயிலில் அலையக்கூடாதென்று காரை நிழலில் நிறுத்தினார்கள். பகலில் தூங்கவும் கூடாதென்பதால், முறைவைத்து உட்கார்ந்து, ஹாரன் அடித்து அடித்து அதை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் வந்து சுகந்தியிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை கடைசி வீடியோ. "இப்பதான் முக்கியமான விஷயம். டியூனிங். டியூன் பண்ணாம வண்டியை வெளிய எடுக்காதீங்க. நீங்களா கை வைக்காதீங்க. டியூனிங் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வந்து குடுங்க."

"டியூன் தெரிஞ்ச ஆள் நம்ம தெருவுல ஒருத்தர்தானே," என்றார் குழந்தைவேலு.

சாயங்காலம் வயலின் வாத்தியார் சேதுமாதவன் சுருதிப் பெட்டியோடு வந்தார். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பானெட் அருகில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக் கேட்டார். நத்தை ஊவென்று விசில் அடித்தது.

"கீழ்ஸ்தாயியில நல்ல கனம்," என்றார். "பஞ்சமத்துலதான் பிசிறு தட்டறது." வயலினில் பிரடையைத் திருகுகிற மாதிரி ஏதோ ஒரு நட்டைப் பிடித்துத் திருகினார். கார் இருமியது.

"ஜில்லுனு ஏதாவது குடுத்தேளா இதுக்கு?"

"ரேடியேட்டர்ல பானைத் தண்ணி ஊத்தினோம் சார்."

"தொண்டை கட்டிண்டிருக்கு. வெந்நீர் குடுங்கோ."

இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுகந்திக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "சார், நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் ஏற்காட்டுல இருக்கணும். இது ஏறுமா?"

வாத்தியார் யோசித்தார். ஸ்வரங்கள் ஏறுவது ஆரோகணம், இறங்குவது அவரோகணம். அவருக்குத் தெரிந்த ஏற்ற இறக்கம் அதுதான்.

"ஏறறதுல ஒரு சூட்சுமம் இருக்கும்மா. இந்த வண்டி பாடற ராகத்துல ஏறும்போது ரெண்டாவது ஸ்வரமும் ஆறாவது ஸ்வரமும் விலக்கு. தொடப்படாது. இறங்கும்போது கவலையே இல்லை. ஏழும் உண்டு, சம்பூர்ணம்."

அவர் போன பிறகு மூவரும் கூடினார்கள்.

"ரெண்டாவது கியரும் ஆறாவது கியரும் போடக்கூடாதாம்," என்றார் மாசிலாமணி.

"நம்ம வண்டியில ஆறாவது கியரே கிடையாதே அண்ணா."

"அப்ப பாதி சுத்தம் ஏற்கெனவே இருக்குன்னு அர்த்தம்," என்றார் குழந்தைவேலு. "ரெண்டை மட்டும் விட்டாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சுகந்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கத்தான் வெளியே வந்தாள். வாசலில் காருக்கு மாலை போட்டிருந்தார்கள். மாசிலாமணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி. ஏறிவிட்டாள். பின்னால் இதை நினைத்துத்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

முன் சீட்டில் மடியில் வயலினோடு வாத்தியார். சுருதி விலகினால் சரிபார்க்க. பின் சீட்டில் சுகந்திக்கு இரண்டு பக்கமும் திருமேனியும் குழந்தைவேலுவும். கோரிமேடு வரை கார் விசிலடித்துக்கொண்டு அருமையாகப் போனது. மலை ஆரம்பித்தது.

முதல் வளைவில் ஒன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது.

"எவ்வளவு நாழி ஷட்ஜத்துலயே நிக்கறது?" என்றார் வாத்தியார். "நகருங்கோ."

மாசிலாமணி இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போனார். எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்து, ஒன்று, மூன்று. நின்றது. பின்னால் வந்த பஸ், சுகந்தி போயிருக்க வேண்டிய பஸ், ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போயிற்று.

"ரெண்டைப் போடுங்க," என்றாள் சுகந்தி.

நான்கு தலைகள் திரும்பின.

"அண்ணி, படிச்சவங்க நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றான் திருமேனி.

"ரெண்டாவது கியரைப் போடுங்கன்னு சொல்றேன்."

"அபஸ்வரம் சுகந்தி," என்றார் மாசிலாமணி தாழ்ந்த குரலில், வாத்தியார் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று.

அதற்குள் பானெட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வர ஆரம்பித்தது. நல்லெண்ணெய் காய்ந்துவிட்டது. மலைக் குரங்குகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து, என்ன பலகாரம் என்று பானெட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தன. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். விசில் நின்றது.

"முத்தாய்ப்பு," என்றார் வாத்தியார்.

வெகுநேரம் கழித்து, சிமென்ட் ஏற்றிக்கொண்டு மேலே போன லாரி ஒன்றைச் சுகந்திதான் கைகாட்டி நிறுத்தினாள். டிரைவர் கயிறு போட்டுக் காரைப் பின்னால் கட்டினார். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். லாரி கிளம்பியதும் பின்னாலிருந்து மூன்று குரல்கள் சேர்ந்து கத்தின.

"அண்ணே, ரெண்டாவது கியர் போட்டுறாதீங்க அண்ணே."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யாருங்க அவங்க?"

"தெரியலீங்க," என்றாள் சுகந்தி.

கான்வென்ட் வாசலில் சிமென்ட் தூசியோடு அவள் இறங்கியபோது நன்றியுரை முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வரவேற்புரையை அவளுக்குப் பதிலாகப் பிரமீளா படித்திருந்தாள். நன்றாகவே படித்தாளாம். தலைமை ஆசிரியையாக இருந்த வயதான சிஸ்டர் மட்டும், "எழுதிக்கொண்டு வந்ததை வீணாக்காதே, குழந்தை" என்று மைக்கைப் போடச் சொன்னார். சுகந்தி மேடையில் நின்று வரவேற்றாள். அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்க வரவேற்க, ஒவ்வொருவராகக் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பிரமீளா வந்தாள். "என் கார்ல வந்துடேன் சுகந்தி, நிறைய இடம் இருக்கு. உன் லாரி போயிடுச்சு போலிருக்கே."

"வேண்டாம். எங்க கார் இருக்கு," என்றாள் சுகந்தி. போய் அந்தக் காரில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லை.

கான்வென்ட் வாசலே சரிவு. தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று குழந்தைவேலுவும் திருமேனியும் பின்னாலிருந்து தள்ளி, நகர்ந்ததும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு கார் யாருக்கும் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு டயர் கிறீச்சிட்டது. மாசிலாமணி கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வர, அது புகைந்தது. ஒரு பஸ்ஸை, ஒரு ஜீப்பை, பிறகு பிரமீளாவின் காரை முந்தினார்கள். சுகந்தி கண்ணைத் திறக்காததால் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாத்தியார் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, "சம்பூர்ணம், சொன்னேனோன்னோ, சம்பூர்ணம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடிவாரத்தில் சமதரைக்கு வந்து, தானாக வேகம் குறைந்து, ஒரு இளநீர்க் கடை ஓரமாகக் கார் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள்.

"என்ன வேகம் பாத்தியா சுகந்தி," என்றார் மாசிலாமணி. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "டர்போன்னா டர்போதான். பெரிய காரையே முந்திட்டோமே."

சுகந்தி கைப்பையைத் திறந்தாள். காரின் சாவியை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"லாரியில கட்டறப்பவே இதை உருவி எடுத்துட்டேன். பழைய வண்டி, சாவி இல்லாட்டியும் ஸ்டியரிங் திரும்பும். மேலேருந்து இங்க வர்ற வரைக்கும் உங்க எஞ்சின் ஒரு நிமிஷம்கூட ஓடலை."

மூவரும் சாவியைப் பார்த்தார்கள். காரைப் பார்த்தார்கள். குழந்தைவேலு மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்ந்தார். திருமேனி, பாக்கியிருந்த அரை மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான்.

"சாவி இல்லாமயே இந்த வேகம்னா," என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி, "அந்தச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. எங்க கையில குடுத்துறாதீங்க. உசுருக்கு ஆபத்து."