தோல் வண்டி இழுத்த காட்டுப்பன்றி

ஒரு காட்டில் அடைமழை என்றால் அப்படியொரு அடைமழை! விறகெல்லாம் ஊறிப்போய் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. குட்டிகளுக்குக் கஞ்சி காய்ச்ச வழியில்லாமல் எல்லோரும் தவித்தார்கள்.

சிங்கராஜா ஒரு சட்டம் போட்டார். "வீட்டுக்கு வீடு காய்த்தோல், பழத்தோல், மீந்த சோறு எல்லாவற்றையும் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். மூடிய குழிக்குள் போட்டுப் புளிக்கவிட்டால் வாயு வரும். அதில் பொது அடுப்பு எரியும்."

நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வீடாகப் போய்த் தோல் வண்டி இழுக்கும் வேலையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா, பிள்ளைகளே? காட்டுப்பன்றி உருண்டையனிடம்!

உருண்டையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனான். ஆனால் வண்டியிலிருந்து வந்த பலாச்சக்கை வாசனை இருக்கிறதே, அது அவனைப் படாத பாடு படுத்தியது.

"ஒரே ஒரு துண்டு. யாருக்குத் தெரியப்போகிறது?" என்று வாயில் போட்டான். அடுத்த வளைவில் வாழைப்பழத் தோல். அதற்கடுத்த வளைவில் பூசணிக் குடல். குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் வெங்காயச் சருகுதான் மிச்சம். வெங்காயம் அவனுக்குப் பிடிக்காது.

தினமும் இதே கதைதான். முதலில் எல்லோரும் சேர்ந்து நிரப்பி வைத்திருந்த குழியின் வாயுவில் அடுப்பு பத்து நாள் எரிந்தது. பதினோராம் நாள் 'புஸ்' என்று அணைந்தது. குட்டிகள் பசியில் வீல்வீல் என்று கத்தின.

சிங்கராஜா கூட்டம் கூட்டிக் கர்ஜித்தார். "வீடுகளிலிருந்து தோல் வரவில்லை! யார் ஏமாற்றுவது? அணிலே, நீதானே? மூட்டையைக் கட்டு, காட்டை விட்டுப் போ!"

"ஐயோ ராஜா! என் பிள்ளைகளை நக்கக்கூட விடாமல் கொடுத்தேனே!" என்று அணில் அழுதது.

உருண்டையன் அழும் அணிலைப் பார்த்தான். சொன்னால் வேலை போகும். காட்டை விட்டே துரத்தினாலும் துரத்துவார்கள். சொல்லாவிட்டாலோ, பாவம், அந்த அணில் குடும்பம் இந்த மழையில் எங்கே போகும்?

"அணிலை விடுங்கள் ராஜா," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "தின்றது நான்தான். நாளைக்குத் தின்னக்கூடாது என்று தினமும் நினைப்பேன். முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது."

"அடப்பாவி!" என்று சிங்கராஜா பாய்ந்தார்.

"பொறுங்கள் ராஜா," என்று குறுக்கே வந்தாள் பொது அடுப்பில் கஞ்சி காய்ச்சும் முயல் வெள்ளச்சி. "உருண்டையண்ணே, கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். தின்றதெல்லாம் பிறகு எங்கே போகிறது?"

உருண்டையன் நெளிந்தான். "அது வந்து... ஆற்றங்கரைப் புதருக்கு."

"அதையும் குழிக்குள் போட்டால் வாயு வரும், ராஜா! வண்டியை இனிமேல் ஆமை இழுக்கட்டும். ஆமைக்குப் பலாச்சக்கை ஆகாது. அண்ணன் ஆசைப்பட்டதில் ஒரு கூடை கொடுத்துவிடுவோம். காலையில் புதருக்குப் போகாமல் குழிக்கு வரட்டும்."

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சிங்கராஜாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, அப்படியே சட்டம்!" என்றார்.

மறுநாளிலிருந்து ஆமை கொண்டுவந்த தோலும் குழிக்குள் விழுந்தது, உருண்டையன் பங்கும் விழுந்தது. சில நாளில் அடுப்பு நீலமாய்க் குபுகுபுவென்று எரிந்தது. குட்டிகள் சுடச்சுடக் கஞ்சி குடித்தன.

அதைப் பார்த்த யானை, "நான் ஏன் வீணாக்க வேண்டும்?" என்று குழியை நோக்கி நடந்தது. எருமையும் நடந்தது. உருண்டையன் வரிசையின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தான். எல்லோருக்கும் கடைசியில், யாரும் தன்னைப் பார்க்கக்கூடாது என்று பிடரியால் முகத்தை மறைத்துக்கொண்டு, சிங்கராஜா நின்றிருந்தார்.

நீதி: ஒருவரின் பலவீனத்தை அறிந்து அதற்கேற்ற வேலை கொடுத்தால், அந்தப் பலவீனமே ஊருக்கு உதவும்.