விடியுமுன் வசவு

வேலாயுத அடிகளின் மடத்தில் ஒரு விதி இருந்தது. காலையில் கண் விழித்ததிலிருந்து சூரியன் உதித்து மணி அடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

மடத்தில் முப்பது சீடர்கள். இருபத்தொன்பது பேர் சத்தமில்லாமல் குளித்து, பூப்பறித்து, தியானத்தில் அமர்வார்கள். முப்பதாவது ஆள் சமையற்கட்டில் திட்டிக்கொண்டிருப்பாள்.

"நாசமாப் போற கையே! கட்டையில போற விரலே! அசையேன்டி!"

தியான மண்டபம்வரை கேட்கும்.

அவள் பெயர் வடிவாம்பாள். ஐம்பத்தேழு வயது. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவள். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டதும் தையல் போயிற்று. பிறகு கணவனும் போய்ச் சேர, மடத்துக்கு வந்துவிட்டாள். காலைக் கஞ்சி அவள் பொறுப்பு. மூன்றரை மணிக்கு எழுந்திருக்க மற்ற யாருக்கும் மனசில்லை.

மடத்துக் காரியங்களைக் கவனிக்கும் அனந்தப்பன் ஒருநாள் மாலை அவளைக் குருவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மூணு தடவை சொல்லிட்டேன் சாமி. கேட்கல. ஒண்ணு இவங்க வாயை மூடணும். இல்லேன்னா மடத்தை விட்டுக் கிளம்பணும். எல்லாருக்கும் தியானம் கெட்டுப்போகுது."

வடிவாம்பாள் தலைகுனிந்து நின்றாள். கிளம்பினால் போவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"யாரைம்மா திட்டுறீங்க?" என்று அடிகள் கேட்டார்.

"என் கையைத்தான் சாமி."

"ஏன்?"

"வலிக்குது."

அடிகள் புன்னகைத்தார். "வலியை எதிரின்னு நினைக்காதீங்க. விருந்தாளின்னு நினைங்க. வான்னு சொல்லி உட்கார வைங்க. வரவேற்றா அது சாந்தமாயிடும்."

அழகான பேச்சு. சீடர்கள் தலையாட்டினார்கள். அடிகள் தினமும் மலை ஏறி இறங்குகிறவர். தலைவலிக்கு ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு அறிவுரைக்கு எப்போதும் பஞ்சம் வருவதில்லை.

வடிவாம்பாள் தலையை நிமிர்த்தினாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க சாமி. இந்த விருந்தாளி வந்து பதினோரு வருஷமாச்சு. மருந்தும் பதினோரு வருஷமாத் தின்னுட்டிருக்கேன். இன்னும் எத்தனை நாளைக்கு வா வான்னு கூப்பிடறது?"

"அம்மா, கொஞ்சம் பொறுமையா..." என்றார் அனந்தப்பன்.

"நீங்க சும்மா இருங்க! முடக்கத்தான் கீரை தின்னுங்கன்னீங்க, தின்னேன். புளியை விடுங்கன்னீங்க, விட்டேன். போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினீங்களோன்னீங்க, அதையும் கேட்டுக்கிட்டேன். எல்லாரும் வாயாலேயே வைத்தியம் பண்றீங்க. ஒருத்தராவது ஒரு நாளாவது அந்தக் கஞ்சிப் பானையைத் தூக்கி இறக்கினீங்களா?"

அடிகளின் முன் இப்படிக் குரலை உயர்த்தியவர்கள் கிடையாது.

அவள் அடிகள் பக்கம் திரும்பினாள். "கதையெல்லாம் வேண்டாம் சாமி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது போகுமா, போகாதா?"

அடிகள் அவளுடைய கோணிய விரல்களைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் கடைசியில். அனந்தப்பனிடம், "இவங்க போறதா இருக்கறதான்னும் நாளைக்கே பார்ப்போம்" என்றார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு வடிவாம்பாள் சமையற்கட்டுக்கு வந்தபோது அடிகள் அங்கே மணை போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறாரா? பிடிக்கட்டும். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தீப்பெட்டியை எடுத்தாள். விடிகாலையில் அவள் விரல்கள் மரக்கட்டை. வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வைத்தால்தான் மடங்கும். ஆனால் வெந்நீர் வைக்க அடுப்புப் பற்ற வேண்டும். அடுப்புப் பற்ற வைக்க விரல் மடங்க வேண்டும். தினமும் அவள் விழித்து எழுவது இந்தச் சண்டைக்குத்தான்.

முதல் குச்சி கீழே விழுந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உரசினாள். தீப்பெட்டியே நழுவிக் குச்சிகள் தரையெல்லாம் சிதறின.

சத்தம் வராமல் அழுதாள். வலியைவிட அந்த ஊமை அழுகைதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

அடிகள் எழுந்து தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். அவள் முழங்கையால் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். இத்தனை வருஷம் வராத உதவி இன்று வந்ததில் ஆத்திரம் இன்னும் கூடியது.

"திட்டுங்கம்மா" என்றார் அடிகள்.

அவள் திகைத்துப் பார்த்தாள். பொழுது விடிய இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மடம் தொடங்கிய நாளிலிருந்து அந்த நேரத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

"சத்தமாவே திட்டுங்க."

வடிவாம்பாள் திட்டினாள். அடிவயிற்றிலிருந்து திட்டினாள். கையைத் திட்டினாள், விரலை ஒவ்வொன்றாகத் திட்டினாள். முடக்கத்தான் கீரையைத் திட்டினாள். பார்த்த வைத்தியர்களையும் எழுதின ஜாதகத்தையும் திட்டினாள். தரையிலிருந்து ஒரு குச்சியைப் பொறுக்கி, "வலிக்குப் பாய் விரிக்கச் சொன்ன வாயில மண்ணு!" என்று கத்திக்கொண்டே உரசினாள். குச்சி பற்றிக்கொண்டது.

அடுப்பு எரிந்தது. தண்ணீர் சுட்டது. அவள் இரண்டு கைகளையும் வெந்நீரில் அமிழ்த்தி உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரியே டவுன் டாக்டரைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றார் அடிகள். "குறையுமாம், கூடுமாம். முழுசாப் போகாதும்மா."

எல்லோரும் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றே பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தார்கள். முகத்துக்கு நேராக ஒருவர் உண்மை சொன்னது அன்றுதான். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் நீளமாக வெளியே வந்தது. சற்று நேரத்தில் சுண்டுவிரல் மடங்கியது, பிறகு அடுத்தது.

அரிசி களைந்து போட்டாள். கஞ்சி கொதித்து அடங்கியதும் அடிகள் எழுந்து பானையை இறக்கி வைத்தார். இந்த முறை அவள் தடுக்கவில்லை.

அப்போதுதான் அனந்தப்பன் வந்தார். பின்னால் ஏழெட்டு சீடர்கள். மணி இன்னும் அடிக்காததால் அவர் முதலில் சைகை காட்டினார். வடிவாம்பாளைக் காட்டி, தன் காதைக் காட்டி, வாசலைக் காட்டினார். அடிகள் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அனந்தப்பனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எல்லாத்தையும் நீங்களே கேட்டீங்கல்ல சாமி? மண்டபத்துல உட்கார முடியல. இவங்களுக்கு மௌனம் இல்லேன்னா, அப்புறம் இந்த மடத்துல அது யாருக்குத்தான்?"

"நமக்குத்தான்" என்றார் அடிகள். "நமக்குத்தான் எங்கேயும் வலிக்கலையே."