தளபதியின் முகம்

தளபதி செங்கமலராயர் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். தலைப்பாகையில் முத்துச்சரம், மார்பில் பதக்கம், மடியில் தங்கப்பிடி வாள். ஒன்றும் குறையில்லை.

"மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆள் யாரென்று எனக்கே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலுடையானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு காலத்தில் அவன் அவர் படையில் ஈட்டி பிடித்தவன். நாற்பது வயதில் தூரிகை பிடிக்க வந்து, மூன்று மாதம் உழைத்து எழுதிய படம் அது.

"எதை விட்டுவிட்டேன், அம்மா?" என்று குரு நாச்சியாரம்மாளிடம் கேட்டான்.

அவள் வாசல் காவலனைக் கூப்பிட்டாள். படத்தில் இருந்த முகத்தை உள்ளங்கையால் மறைத்தாள்.

"இது யார்?"

காவலன் சட்டென்று விறைத்து நின்றான். "தளபதி ஐயா!"

பிறகு முகத்தை மட்டும் விட்டு, மற்றதைத் துணியால் மூடினாள்.

"இப்போது?"

காவலன் தலையைச் சொறிந்தான். "நன்றாகச் சாப்பிட்டவர் போல இருக்கிறது. ஆள் யாரென்று தெரியலையே, அம்மா."

அவன் போனதும் அவள் கேட்டாள். "உமக்காக வந்து உட்கார்ந்தவரை எழுதியிருக்கிறீர். அதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையா?"

வேலுடையான் தன் தொடையைத் தடவிக்கொண்டான்.

"ஒரு தடவை பார்த்தேன். ஆற்றில் வெள்ளம். என் தொடையில் காயம். தன் குதிரையில் என்னைக் கிடத்திவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் கடிவாளத்தைப் பிடித்து நடந்தார். திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்."

"எப்படிப் பார்த்தார்?"

"பயந்துபோய்ப் பார்த்தார், அம்மா. நான் செத்துவிடுவேனோ என்று."

அவள் எண்ணெயில் துணியை நனைத்து, படத்தின் முகத்தைத் துடைத்து எடுத்தாள். தூரிகையை அவன் கையில் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துத் தளபதி வந்தார். படத்தின் முன் நின்றவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"படைப் பிள்ளைகள் வந்துபோகிற கூடத்தில் மாட்டுங்கள்" என்றார்.

அவர் போன பிறகும் வேலுடையானுக்கு மனம் ஆறவில்லை.

"பயந்த முகம் அம்மா அது. அதைப் பார்த்தால் எவன் அவர் பின்னால் போருக்குப் போவான்?"

நாச்சியாரம்மாள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காயம் ஆறியதும் நீர் யார் படைக்குத் திரும்பிப் போனீர்?" என்றாள்.