ஆமைப் பாறையில் ஒரு கோடு டவர்

எங்கள் மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தைந்து. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், அதற்குள் நான் உலை வைத்துவிடுகிறேன்.

நான் செண்பகம். மடத்துச் சமையல் என் பொறுப்பு. குருவின் பெயர் திலகவதி அம்மா. சீடர் கலியபெருமாள், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மாவே அவரை ‘வாத்தியாரய்யா’ என்றுதான் கூப்பிடுவார்.

மடம் இருப்பது கல்வராயன் மலையின் ஒரு மடிப்புக்குள். செல்போன் டவர் எட்டாத இடம். ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசுவதை வெளியூர்க்காரர்களும் கேட்க வேண்டும் என்று ஒரு புண்ணியவான் கீழே ஊரிலிருந்து கம்பி இழுத்து, கூடத்துச் சுவரில் ஒரு வைஃபை பெட்டியை மாட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டிக்கு வாத்தியார்தான் காவல். தூசி தட்டுவார், பூச்சரம் போடுவார். அதில் அவருக்கு அத்தனை பக்தி. ஆனால் போன் விஷயத்தில் மனுஷர் சுத்தம். ஒருமுறை அவர் போனின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன விமானப் படம் வந்து உட்கார்ந்துவிட்டது. மகள் மஸ்கட்டில் இருப்பதால் வந்த படம் என்று நினைத்து ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்தார். நான் சொல்லித்தான் அணைத்தார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு அவர் இரண்டு நாள் என் ரசத்தைக் குடிக்கவில்லை.

மகள் பெயர் தேன்மொழி. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். “வாசப்படி தாண்டினா திரும்பி வராதே” என்றார் இவர். மைதானத்தையே அதட்டி நிறுத்துகிற குரல் அது. அவளும் இவர் பெற்ற பெண்தானே, திரும்பி வரவில்லை. ஆறு வருஷம் பேச்சே கிடையாது.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுகொண்டிருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் சாயங்காலம் அவருடைய தம்பி ஏழுமலை மூச்சிரைக்க மேலே வந்தார்.

“அண்ணே, தேனு பேசணுங்குறா.”

வாத்தியார் கையிலிருந்த பூக்கூடை கீழே விழுந்தது.

“நெறமாசம். புள்ள குறுக்க கெடக்குதாம். நாளைக்குப் பொழுது சாயுற நேரத்துல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி உன் குரலக் கேக்கணுமாம். மத்தியானம் வாட்ஸ்அப்புல கூப்பிடுவா, எடு.”

“எடுக்காம?”

“எடுக்கலேன்னா இனிமே இந்தப் பக்கம் கூப்பிடவே மாட்டேன்னுட்டா. பயந்து போயிருக்கா அண்ணே. பொம்பளப் புள்ள, பக்கத்துல தாயும் இல்ல.”

மறுநாள் வாத்தியார் விடியற்காலையிலேயே குளித்தார். சலவை வேட்டி கட்டினார். வைஃபை பெட்டிக்கு நேர் கீழே பாயை விரித்து, எதிரே தாம்பாளத்தில் போனை வைத்து, கைகட்டி உட்கார்ந்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போனேன், கண்ணாலேயே விரட்டினார்.

உச்சிவேளை வந்தது, போனது. போன் அசையவில்லை.

வெயில் கூடத்து முற்றத்தைத் தாண்டியபோது வாத்தியாரின் முகம் கறுத்துவிட்டது. அம்மா அந்தப் பக்கமாக வந்தார். வாத்தியார் எழுந்து நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க வாத்தியாரய்யா.”

“அன்பு கொஞ்சமும் குறையாம இருந்தும், அது ஒருத்தருக்குப் போய்ச் சேராம இருக்குமா?”

அம்மா கையை நீட்டினார்.

“போனக் குடுங்க.”

கொடுத்தார். அம்மா அதன் மேல் ஓரத்தைப் பார்த்தார்.

“இது என்ன?”

“வைஃபை அம்மா. இந்த விசிறிப் படம் நிறைஞ்சிருக்கு. காலையிலேருந்து ஒரு கோடுகூடக் குறையல. இவ்வளவு இருந்தும் அவ கூப்பிடலேன்னா, அவளுக்கு மனசு இல்ல. அவ்வளவுதான்.”

“எதுவரைக்கும் நிறைஞ்சிருக்கு?”

வாத்தியார் விழித்தார்.

“உங்க போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல இருக்குறத இந்த விசிறி சொல்லுது. பெட்டிக்கு அந்தாண்ட என்ன நடக்குதுன்னு இது சொல்லாது. அதச் சொல்றது பக்கத்துல இருக்கே, இது.”

நானும் எட்டிப் பார்த்தேன். விசிறியை ஒட்டி ஒரு குச்சி, அதற்கு அடியில் ஒரு புள்ளி.

“ஆச்சரியக்குறிதானே அம்மா? டவர் பிரமாதம்னு சொல்லுதுன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முந்தானையால் பெட்டியின் நெற்றியைத் துடைத்தார். ஆயுத பூஜை அன்று வாத்தியார் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். எரிகிற விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து வைத்தவர். அதற்குப் பிறகும் காய்ந்து உதிர உதிர வைத்துக்கொண்டே இருந்தார். இப்போது பொட்டுகள் அழிந்தன. எல்லாம் அழிந்த பிறகும் ஒரு சிவப்பு மட்டும் போகவில்லை. அம்மா மறுபடியும் துடைத்தார். அது குங்குமம் இல்லை, விளக்கு. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“ராத்திரிக் காத்துல எங்கயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கு” என்றார் அம்மா. “உங்க போனும் இந்தப் பெட்டியும் மட்டும் காலையிலேருந்து கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“அப்போ அவ கூப்பிட்டிருப்பாளா?”

“இங்கேருந்து தெரியாது.”

“வேற எங்கேருந்து தெரியும்?”

அம்மா அதற்குள் வாசலில் இறங்கியிருந்தார். “செண்பகம், ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்க.”

மடத்துக்குப் பின்னால் ஆமைப் பாறை. அதன் உச்சியில் நின்றால் சமவெளி தெரியும். மாடு மேய்க்கிறவர்கள் அங்கே ஏறித்தான் போன் பேசுவார்கள். ஏற்றம் கொஞ்சம் நஞ்சம் இல்லை. வாத்தியாரின் வலது முழங்கால் வேறு எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டது. பாதி வழியில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, வெள்ளிக்கிழம தவறாம அவ பேருக்கு அர்ச்சனை பண்ணினேனே. அதுகூடவா போய்ச் சேரல?”

“சாமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார் அம்மா.

வாத்தியார் கல்லை விட்டுவிட்டு மேலே ஏறினார்.

உச்சியில் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பருந்து எங்களுக்குக் கீழே வட்டமிட்டது. அம்மா போனில் விசிறியை அணைத்துவிட்டு வாத்தியாரிடம் நீட்டினார். மேல் ஓரத்தில் ஏறுவரிசையில் நான்கு கோடுகள், மூன்று வெறும் நிழல். ஒன்றே ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் 4ஜி என்று எழுதியிருந்தது.

“ஒத்தக் கோடு” என்றார் வாத்தியார். “கீழ விசிறி நிறைஞ்சு இருந்தே ஒண்ணும் வரல. இதுல என்ன வரும்?”

“பாத்துக்கிட்டே இருங்க. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல ரெண்டு அம்பு இருக்கு. ஒண்ணு கீழ பாக்குது, ஒண்ணு மேல பாக்குது.”

அரிசி முனை அளவு இருந்தன அந்த அம்புகள். இரண்டும் மங்கிக் கிடந்தன. நாங்கள் மூன்று பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம்.

கீழ் அம்பு மினுங்கியது.

அடேயப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கே என்ன இருக்கிறது சொல்லுங்கள்? கம்பி இல்லை, கம்பம் இல்லை. பாறை, காற்று, பருந்து, அவ்வளவுதான். அந்த வெறும் வெளியிலிருந்து போன் ‘டிங்’ என்றது. மறுபடியும் ‘டிங்’. பிறகு விடாமல் அடித்தது. தேன்மொழி கூப்பிட்டது, கூப்பிட்டது, மறுபடி கூப்பிட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. இத்தனை நேரமும் அவள் குரல் இந்த மலையைச் சுற்றி இறங்க இடமில்லாமல் நின்றிருக்கிறது.

“கூப்பிட்டிருக்கா அம்மா” என்றார் வாத்தியார். “எம்புள்ள கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா.”

கடைசியாக ஒரு குரல் பதிவு. அம்மா விரலால் அதைத் தொட்டார்.

“அப்பா, நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்குப்பா.”

வாத்தியார் பாறையில் உட்கார்ந்துவிட்டார். மைதானத்தை நிறுத்திய மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். பிறகு திடுக்கிட்டுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீடியோல கூப்பிடுறேன். அவ மூஞ்சியப் பாக்கணும்.”

கூப்பிட்டார். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி அறுந்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி அறுந்தது.

“ஏறாது வாத்தியாரய்யா. ஒத்தக் கோடு. பெரிய மூட்டை தூக்காது.”

“எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கு அம்மா! அன்னைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன், அவ அம்மா இருந்திருந்தா...”

“அவள உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க.”

“நான் பண்ணினது தப்புன்னு சொல்லணும், அர்ச்சனை பண்ணினதச் சொல்லணும்...”

“மேல் அம்பப் பாருங்க” என்றார் அம்மா.

பார்த்தார். கீழ் அம்பு இன்னும் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. மேல் அம்பு மங்கிக் கிடந்தது.

“அவகிட்டேருந்து வர வேண்டியது வந்துடுச்சு” என்றார் அம்மா.

வாத்தியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா காட்டிய மைக் படத்தை அழுத்திக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தப் பெரிய குரலைத் தேடினால் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரல் வந்தது.

“தேனு... அப்பா இருக்கேன்டா. பயப்படாத.”

விரலை எடுத்தார். பதிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் வந்து நின்றது. போகவில்லை. வாத்தியார் எழுந்து, அந்த முழங்காலோடு பாறையின் நுனிக்கே போய், டிரில் வகுப்பில் கை தூக்கச் சொல்வாரே, அப்படிப் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தார். வேட்டி படபடத்தது. விழுந்து வைக்கப்போகிறாரே என்று நான் பின்னாலிருந்து அவர் துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“முருகா, போயிடு” என்று முணுமுணுத்தேன். போனைச் சொன்னேனா, குரலைச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

மேல் அம்பு மினுங்கியது.

ஒரே ஒரு தடவை. கண் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்போம். கடிகாரம் போய் ஒரு டிக் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. இரண்டு டிக்கும் நீலமாகின.

“கேட்டுட்டாளா?” என்றார் வாத்தியார்.

அம்மா தலையசைத்தார்.

கீழ் அம்பு எரிந்தது. ஒரு குரல் பதிவு, மிகச் சின்னது. தொட்டதும் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ அவளை அவசரப்படுத்துகிறார்கள். அதற்கு நடுவே அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு “அப்பா”. வேறு ஒன்றும் இல்லை.

வாத்தியார் அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். வானத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். இந்த வெறுங்காற்றிலா இவ்வளவும் இருந்தது என்கிற மாதிரி கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் தடவிப் பார்த்தேன்.

பொழுது இறங்கியது. யாருக்கும் கீழே போக மனம் வரவில்லை. ஏழுமலை ஊரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது சமவெளியில் விளக்கு போட்டிருந்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

வாத்தியார் கைகூப்பினார். பாறைக்கா, வானத்துக்கா, அம்மாவுக்கா, கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொம்பில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் வாயில் பட்ட முதல் தண்ணீர் அதுதான்.

இறங்கும் முன் போனை ஒருமுறை பார்த்தார். முகம் மாறியது.

“அம்மா, மேல் அம்பு அணைஞ்சு கெடக்கு.”

“ஆமாம்.”

“அது அணையாம எரியறதுக்கு என்ன பண்ணணும்?”

அம்மா அவர் கையைப் பிடித்து முதல் கல்லில் இறக்கிவிட்டார்.

“அது அணையத்தான் செய்யும் வாத்தியாரய்யா. நீங்க அனுப்புறப்போதான் எரியும்.”