கோப வகுப்பில் யாரைச் சேர்ப்பது?

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்து நாலு. சிரிக்காதீர்கள். நரைத்த தலைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குருவின் பெயர் ஹெலன் சுகந்தி. சிறையிலிருந்து வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பதே அவருக்கு வேலை. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

சிஷ்யர் தவசிலிங்கம் ஒரு மத்திய சிறையின் கண்காணிப்பாளர். கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்பு ஒன்றை அங்கே அவர்தான் ஆரம்பித்தார். கைதிகள் அதைக் 'கோப வகுப்பு' என்றார்கள். அதனால் ஏதாவது பலன் உண்டா, இல்லையென்றால் மூடிவிடுங்கள் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. பலனை எப்படி அளப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் மனிதர் ஹெலனிடம் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் ஓடி வராத குறையாக வந்தார்.

"மேடம், வகுப்புல படிச்சு விடுதலையானவங்கள்ல ஒருத்தன்கூட ஜெயிலுக்குத் திரும்பி வரல! தலைமையகத்துக்கும் அறிக்கை அனுப்பிட்டேன். இனி எவன் வாயைத் திறப்பான்?"

"வகுப்பைப் பார்க்கலாமா சார்?" என்றார் ஹெலன்.

பழைய நெசவுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படிய வாரிய தலை, வெளுத்த சட்டை. ஹெலனைக் கண்டதும் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். தவசிலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெலன் பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டார். "ஐயா, உங்களுக்குக் கோபம் வருமா?"

"எனக்கா? ஐயையோ, வராது டீச்சர். நான் செக்குல கள்ளக் கையெழுத்துப் போட்டு வந்தவன். அதுக்குப் பொறுமைதான் வேணும்."

"உங்களுக்கு?" என்று அடுத்தவரைக் கேட்டார்.

"கோபப்படத் தெரிஞ்சிருந்தா தம்பி செஞ்சதுக்கு நான் உள்ளே வந்திருப்பேனா டீச்சர்?"

"அப்போ இந்த ஜெயில்லயே பெரிய கோபக்காரர் யாரு?"

"மாசிலாமணி!" பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"அவர் ஏன் இங்கே இல்ல?"

தவசிலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மனு மேல மனு போட்டான் மேடம். வார்டர்கள் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. யாராவது பார்க்க வர்ற நேரம் கலாட்டா பண்ணினா அசிங்கமாயிடும். தங்கமான ஆளாப் பார்த்துத்தான் நாங்க சேர்க்கிறது."

பெரியவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தவசிலிங்கத்துக்கு மெல்ல விளங்கியது. வெளியே வந்ததும் கேட்டார்.

"இவங்க வகுப்பு இல்லாமலே ஒழுங்கா இருந்திருப்பாங்க. இல்லையா மேடம்?"

"தெரியாது சார். தெரிஞ்சுக்க நாம வழியே வைக்கல."

"இப்போ என்ன செய்ய?"

"மனு போட்ட எல்லாரையும் கூப்பிடுங்க. சமையல்கூடத்துல இருந்து ஒரு குண்டான் கொண்டுவரச் சொல்லுங்க."

கேட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் வகுப்பில் இடம். எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குண்டானில் போட்டார்கள். பெயர் வந்தவர்கள் வகுப்புக்குப் போவார்கள், வராதவர்கள் இந்த முறை இல்லை. விடுதலையான பிறகு இரண்டு பக்கத்தாரையும் இரண்டு வருஷம் பார்ப்பது என்று பேச்சு. வகுப்பை நடுவில் விட்டுவிட்டவரையும் வகுப்புக்காரராகவே எண்ண வேண்டும் என்று ஹெலன் கறாராகச் சொல்லிவிட்டார்.

சீட்டு எடுத்தது தவசிலிங்கம். பிரித்துப் பார்த்தவர் அப்படியே நின்றார். மாசிலாமணி.

"நல்லாக் குலுங்கல போலிருக்கே மேடம். இன்னொரு தடவை குலுக்கிடலாமா?"

ஹெலன் குண்டானை அவர் பக்கம் சாய்த்தார். "அடுத்த சீட்டை எடுங்க சார்."

பாவம், அவர் பயந்ததில் தப்பில்லை. அவர் பெற்ற பிள்ளை மாதிரி அந்த வகுப்பு. விஷயம் தலைமையகத்துக்கும் போனது. டி.ஐ.ஜி. சவரிராயன் போனில் சிரித்தார். "மாசிலாமணியைச் சேர்த்தீங்களா? அவன் ஒருத்தன் போதுமய்யா, உங்க வகுப்போட லட்சணம் தெரிஞ்சிடும்."

மாசிலாமணி ஆள் ஆறடி. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரின் கையைக் கத்தியால் வெட்டிவிட்டு வந்தவர். முதல் நாளே பெஞ்சை எட்டி உதைத்தார். பிறகு பல நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் திடீரென்று வாயைத் திறந்தார்.

"எனக்குக் கை முன்னாடி போயிடுது. மனசு பின்னாலதான் வருது. மனசை எப்படி முன்னாடி அனுப்புறது?"

பாடம் நடத்த வந்தவர் அதை எல்லோரிடமும் கேட்டார். அன்றைக்கு வகுப்பு முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பேசினார்கள். அறைகளைப் பூட்டும் நேரம் வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வார்டர் வந்து சத்தம் போட வேண்டியிருந்தது.

தண்டனை முடிந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசி ஆளாக மாசிலாமணியும் போனார். அவருடைய இரண்டு வருஷக் கணக்கு முடிய ஒரு வாரம் இருக்கும்போது தவசிலிங்கம் ஹெலன் அறைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"போச்சு மேடம். மாசிலாமணி திரும்பி வந்துட்டான்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலைல. படுபாவி, அடுத்த வாரம் வந்திருக்கக் கூடாதா? கணக்குல ஒட்டியிருக்க மாட்டான்." குரலைத் தாழ்த்தினார். "கேஸ் இன்னும் கோர்ட்டுல முடியல. அதைச் சொல்லி அவனைக் கணக்குல இருந்து விட்டுடலாமே? ஒருத்தன் தானே மேடம். டி.ஐ.ஜி. அவன் பேரைத்தான் முதல்ல தேடுவார். பார்த்தா அன்னைக்கே வகுப்பை மூடிடுவார்."

"மத்தவங்க கேஸ் எல்லாம் முடிஞ்சுதான் எழுதினோமா?"

"இல்ல."

"அப்போ இவரை யாருக்காக விடுறோம்?"

தவசிலிங்கம் பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க சார். திரும்பி வந்தவங்க பக்கத்துல எழுதுங்க" என்றார் ஹெலன்.

அவர் எழுதினார்.

கணக்கு முடிந்ததும் வந்த வெள்ளிக்கிழமை இருவரும் தலைமையகத்துக்குப் போனார்கள். சவரிராயன் அறிக்கையை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதல்ல ஒருத்தனும் திரும்பலன்னீங்க. இதுல அஞ்சுல ஒருத்தன் திரும்பியிருக்கான்?"

"ஆமா சார்."

"சீட்டு விழாத பக்கத்துல?"

"அஞ்சுல ரெண்டு பேர் சார்."

"நம்ம மாசிலாமணி?"

"வந்துட்டான் சார். அதையும் எழுதியிருக்கேன்."

சவரிராயன் அந்தப் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் பார்த்தார்.

"உங்க முதல் அறிக்கையை நான் நம்பவே இல்லய்யா. இதை நம்புறேன். வகுப்பு நடக்கட்டும். கேக்கிற அத்தனை பேருக்கும் இடம் கொடுங்க, பாடம் நடத்த இன்னும் ரெண்டு ஆளைப் போட்டுத் தர்றேன்."

வெளியே வந்து எதிர்க் கடையில் டீ சொன்னார்கள். துள்ளிக் குதிக்க வேண்டிய மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன சார், ஜெயிச்ச முகமா இது?"

"மாசிலாமணி நினைப்பாவே இருக்கு மேடம். இந்தத் தடவை கத்தி இல்ல. ஒரு கடைக் கண்ணாடியில கல்லை விட்டெறிஞ்சிருக்கான். எறிஞ்சுட்டு ஓடலயாம். போலீஸ் வர்ற வரைக்கும் அந்தப் படியிலயே தலையில கை வெச்சு உட்கார்ந்திருந்தானாம்."

ஹெலன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்த அன்னைக்கு ஜெயில் கேட்ல என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தான். 'சார், வகுப்பு எந்தக் கிழமை?'ன்னு கேட்டான். என் மானத்தை வாங்கிட்டியேடான்னு எனக்கு வந்த ஆத்திரம்! பதிலே சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். கோப வகுப்பு நடத்துறவன் நான், மேடம்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் தோத்தானா, நான் தோத்தேனா, எதுவும் புரியல."

"வகுப்பு எந்தக் கிழமை?"

"திங்கள்."

"இன்னைக்கு வெள்ளிதானே சார்? போய்ச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு."