தகட்டைத் தேய்த்தவன்

"எவன்டா நீ? உன் கை வெளங்குமா?"

மேசைமேல் கிடந்த பழைய பட்டாளத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் இன்னாசி கத்தினார். அதன் அடிக்கட்டையில் பித்தளைத் தகடு கண்ணாடியாய் மின்னியது. பட்டாளத்தில் வெட்டிய எண் அதில் இல்லை.

இன்னாசிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் பழைய சாமான் வாங்கி விற்றவர். விற்ற எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. அருங்காட்சியகத்துப் பட்டறையில் தாட்சாயணியிடம் வேலை கற்கச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆசிரியைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"யாரைத் திட்றீங்கண்ணே?"

"தேய்ச்ச களவாணியைத்தான் டீச்சர். நாளைக்கு இதைப் பார்க்க ஒரு அம்மா, பட்டாளத்துல இருந்த முப்பாட்டனோட துப்பாக்கி எண் எழுதின காகிதத்தைத் தூக்கிக்கிட்டு வருது. எதோட ஒத்துப் பார்க்கும்? இந்த மொட்டைத் தகட்டோடயா?"

"அவர் சுமந்தது இதுதானான்னு தெரியாமலே திரும்பிப் போவாங்க."

"அதான் வயிறு எரியுது."

"எரியட்டும். குதிரை மாட்டியிருக்கிற பக்கத் தகட்டைக் கழட்டுங்க. ஆணிகிட்டயாவது பேரம் பேசாதீங்க."

திருகாணியின் பள்ளத்துக்குப் பொருந்தும் திருப்புளியை இன்னாசி தேடி எடுத்தார். எட்டு மாதத்துக்கு முன்பென்றால் சுத்தியலை எடுத்திருப்பார். ஆணி இளகியது. பக்கத் தகடு கழன்று வந்தது.

உள்ளே, குதிரையைப் பிடிக்கும் முளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. நுனி மடக்கியிருந்தது.

இன்னாசி கையை எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி."

"அந்தக் காலத்துப் பட்டாளத்துல சைக்கிளா?"

அவர் சிரிக்கவில்லை.

"எஞ் சைக்கிள்ல வெட்டினது, டீச்சர். தகடு தேய்ச்சு வித்தது ஏகப்பட்டது. கம்பி போட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

தாட்சாயணி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குத் தேய்ச்சானாம்?"

இன்னாசி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார்.

"சர்க்கார் எண் இருந்தா போலீஸ் வரும்னு வாங்குறவங்க பயந்தாங்க. ரெண்டு நாள் தேய்ச்சான். லேசுல போகல."

"அப்ப எண்ணை நல்லாப் பார்த்திருப்பான்."

"மறக்குமா? தலைக்குள்ள அப்படியே நிக்குது." சட்டென்று குரலில் பழைய வேகம் வந்தது. "டீச்சர், இப்பவே உளியெடுத்து வெட்டிடறேன். அதே அளவு, அதே சாய்வு. அந்தம்மாவுக்கும் நிம்மதி, நமக்கும் வம்பில்லை."

"இன்னைக்கு வெட்டினா அது இன்னைக்கு வெட்டின எண்ணுண்ணே."

"சரி, வெட்டவேணாம். துப்பாக்கியோட பதிவுக் கார்டுல எழுதிக்குங்க. பேர் தெரியாத ஒருத்தர் சொன்னாருன்னு போட்டுருங்க."

"பேர் தெரியாதா?"

இன்னாசி திருப்புளியைத் துணியில் துடைத்தார்.

தாட்சாயணி பேனாவை மூடினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா வர்றாங்க. அவங்க காகிதத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, தேய்ச்சவனை இங்க வந்து நிக்கச் சொல்லுங்க. எண்ணை அவன் வாயாலயே சொல்லட்டும்."