பூ ஈயின் கொடுக்கு

மரமும் பூச்சியும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், மலைக்காட்டில் ஒரு நாவல் மரம் நின்றது. இடி விழுந்து அதன் நடுமரத்தில் ஒரு பொந்து. பொந்தில் மழைநீர் தேங்கி, இலைகள் அழுகி, கறுத்துக் கிடந்தது. மேல்கிளையில் ஒரு குளவிக் கூடு. அதில் வரியாள் என்ற குளவி தன் அக்காவோடும் மூன்று புழுக்குஞ்சுகளோடும் இருந்தாள்.

ஒரு பங்குனியில் காடு பற்றிக்கொண்டது. புகை கூட்டுக்குள் வந்ததும் குளவிகள் பறந்தன.

"வா தங்கச்சி. இவற்றைத் தூக்கிக்கொண்டு தீயைத் தாண்ட முடியாது. நாம் இருந்தால் வேறு பெற்றுக்கொள்ளலாம்," என்றாள் அக்கா.

வரியாள் போகவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பொந்துக்கு இறங்கினாள்.

"இந்தத் தண்ணீரில் இவர்களை வைத்துக்கொள்வாயா?" என்று மரத்தைக் கேட்டாள்.

"வைத்துக்கொள்வேன். தீ இங்கே வராது. ஆனால் இது அழுகின தண்ணீர், அம்மா. மூச்சு முட்டிச் செத்துப்போவார்கள்," என்றது மரம்.

தன் கொடுக்கு உள்ளே குழலாக இருப்பது வரியாளுக்குத் தெரியும். உடம்பை வளைத்து, பல்லால் கடித்து அதைப் பிடுங்கினாள். வலியில் கண் இருண்டது. மூன்றாக ஒடித்து, பிள்ளைகளின் பின்புறத்தில் ஆளுக்கொன்றாகச் செருகினாள்.

"நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும்," என்று சொல்லி உள்ளே விட்டாள். தண்ணீர் ஆழம். அவர்கள் இறங்க இறங்க, கொடுக்குத் துண்டுகள் இழுபட்டு எலிவால்போல நீண்டன.

தீ அணைந்தது. கிளைகளெல்லாம் கனன்றுகொண்டிருந்தன, உட்கார இடமில்லை. வரியாள் பொந்துக்கு முன்னால் சிறகடித்தபடி காற்றிலேயே நின்றாள். அக்கா திரும்பி வந்து அவள் உடம்பைப் பார்த்தாள்.

"கொடுக்கு இல்லாதவளைக் கூட்டில் சேர்க்க மாட்டார்கள். நான் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்," என்றாள். பிறகு பறந்து போனாள்.

நாட்கள் போயின. ஒரு காலையில் பிள்ளைகள் மூவரும் சிறகு முளைத்து வெளியே வந்தார்கள். இருட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு அம்மாவின் முகம் தெரியாது. எதிரே மஞ்சளும் கறுப்புமாக ஒன்று அசையாமல் நின்றது.

"கொட்ட வருகிறது," என்றான் மூத்தவன்.

"இல்லையப்பா, என்னிடம் கொடுக்கே இல்லை," என்றாள் வரியாள்.

அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை; மூவரும் பயந்து பறந்துவிட்டார்கள்.

அந்த நாள் தொட்டுத்தான் வரியாளின் வழிவந்த பூ ஈ, கொடுக்கில்லாமல் குளவியின் வரிகளோடு திரிகிறது. அதன் குஞ்சுகள் மரப்பொந்தின் அழுகல் நீருக்குள் கிடந்து வால் வழியே மூச்சு விடுகின்றன. காட்டில் வெயில் விழும் இடங்களில், எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தபடி அது அந்தரத்தில் நிற்கிறது.